ஒன்பதாம் கேள்விக்கு கார்விக் எழுதிய பதில்

1963 ஜூலை 26 ஆம் திகதியிட்டு, கையெழுத்தில்லாமல், எங்கள் உதைபந்தாட்ட லீக்கின் மத்தியஸ்தர் சபைத் தலைவருக்கு வந்த பெட்டிசம் ஒன்றின் பிரதி என்னிடம் இருக்கிறது. முழுவதும் இவ்வளவுதான்:

"கனம் ஐயா, கரையோர அணியில் நடுவில் நின்று ஆடும் வெள்ளைக்காரன் சும்மா ஆடவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் மீன் வாங்குகிறான். கண்டவர்கள் உண்டு. இறுதி ஆட்டத்துக்கு முன் விசாரித்து நீதி வழங்கவும். இப்படிக்கு, விளையாட்டை நேசிப்பவன்."

ஊதா மை. இடது கையால் எழுதியது போல எழுத்துகள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தன. ஆனால் கடதாசி சிவப்பு ஓரக்கோடு போட்டது, அரசாங்கக் கந்தோர்களுக்கு மட்டும் வருவது. எங்கள் பக்கத்தில் மொட்டைப் பெட்டிசம் எழுதுகிறவர்கள் கையெழுத்தை மறைக்கப் பாடுபடுவார்கள். கடதாசியை மறைக்க நினைப்பதில்லை.

இதை இப்போது வெளியே எடுக்கக் காரணம், லீக் இவ்வாண்டு அச்சடித்திருக்கும் புதிய பதிவுப் படிவம். பழைய படிவத்தில் பதினொரு கேள்விகள். புதியதில் எட்டுத்தான். விடப்பட்டவற்றில் ஒன்பதாவதும் அடக்கம்: "பணமோ பொருளோ பெற்று எப்போதாவது ஆடியதுண்டா?" நான் படிப்பிக்கும் மத்தியஸ்தர் வகுப்பில் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, உந்தக் கேள்வியை ஏன் அந்தக் காலத்திலை வைச்சிருந்தவை? அதுக்கு உண்மை எழுத ஆருக்கு விசரே?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன்.

நான் புத்தூரில் பிறந்தவன். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றேன். சோறு போட்டது அந்த உத்தியோகம். ஆனால் என் தொழில் என்று நான் மனத்தில் வைத்திருந்தது விசில்தான். 1956 இல் பரீட்சை எழுதினேன், 1981 இல் விசிலை மேசை இலாச்சிக்குள் வைத்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தோம், வெயிலில் ஓடினோம், மூத்தவர்கள் திட்டினார்கள். தேறினேன்.

தேறிய பிறகுதான் படிப்பு. அதைப் படிப்பித்தவர் சபைத் தலைவர் சபாநாதன். ஓய்வு பெற்ற நில அளவையாளர். வெள்ளை ட்ரில் காற்சட்டை, கழுத்துவரை பொத்தான் பூட்டிய கோட்டு. வந்தவரை இருக்கச் சொல்லும் வழக்கம் அவரிடம் இல்லை. ஆட்டம் முடிந்த மறுநாளே அறிக்கை அவர் மேசைக்கு வந்துவிட வேண்டும், காபன் தாள் வைத்து மூன்று பிரதி. அறிக்கைக்கு மூன்று பத்திகள் போட வைத்தார்: கண்டது, கேட்டது, நினைத்தது. மூன்றாவது பத்தியில் நாங்கள் எதை எழுதினாலும் சிவப்புப் பென்சிலால் மூலைக்கு மூலை கோடு இழுத்துவிட்டுத்தான் மற்ற இரண்டையும் வாசிப்பார். வெட்டுவதற்கென்றே ஏன் ஒரு பத்தி என்று ஒருவர் கேட்டாராம். "அது அங்கை இல்லையெண்டால் முதலாம் பத்திக்குள்ளை போய் ஒளிச்சுக்கொள்ளும், ஐசே" என்றாராம்.

ஆட்டத்துக்கு முன் செய்ய வேண்டியவற்றிலும் அவர் அப்படித்தான். பந்தைக் கையால் அமத்திப் பார்த்தால் போதாது, நிறுக்க வேண்டும். கந்தோரில் பார்சல் நிறுக்கும் தராசை நான் சனிக்கிழமைகளில் கடன் வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன். பூட்ஸ் போடுகிறவர்களின் அடியை உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும், ஆணி முளைத்திருக்கும். வெறுங்காலோடு ஆடுகிறவர்களின் நகத்தைப் பார்க்க வேண்டும். கோல் வலையை நான்கு மூலையிலும் இழுத்துப் பார்க்க வேண்டும்.

அந்தக் கடைசி வேலையை நான் ஒருமுறை விட்டேன். 1960 இல் அரியாலைப் பக்கத்து மைதானம் ஒன்றில் வலை அசைந்ததைக் கண்டு கோல் கொடுத்தேன். பந்து வெளிப்பக்கமாகப் போய்க் கிழிசலால் உள்ளே வந்தது என்று முறைப்பாடு வந்தது.

"பந்து கோட்டைத் தாண்டினதைக் கண்டனீரோ?" என்று கேட்டார் தலைவர்.

"வலை அசைஞ்சதைக் கண்டனான், ஐயா."

"நான் வலையைக் கேக்கேல்லை. கோட்டைக் கேட்டனான்."

இரண்டு மாதம் விசில் ஊதத் தடை. அன்று முதல் மற்றவர்களின் வாயை மட்டுமல்ல, என் கண்ணையும் நான் நம்பினதில்லை. நல்ல மத்தியஸ்தருக்கு அது வேண்டிய குணம் என்று நினைத்திருந்தேன். வேறு எங்கெல்லாம் அது என்னைக் கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

லெஸ்லி கார்விக் என்ற ஆங்கிலேயர் 1961 மாசியில் வடகரைக்கு வந்தார். தொண்டைமானாற்றுக்குக் கிழக்கே ஒரு கடற்கரை ஊர். ஊரின் பெயரை எழுதவில்லை, சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். வள்ளங்களுக்கு மோட்டர் பூட்டும் காலம் அது. கொழும்புக் கம்பனி ஒன்று அவரை மெக்கானிக்காக அனுப்பியிருந்தது. வயது நாற்பதுக்குக் கிட்ட. சிவந்த கழுத்து, வளைந்த கால்கள். கரையில் ஓலை வாடி ஒன்றில் இருந்தார். ஊர் அவரை வெள்ளையண்ணை என்றது. மூன்றாம் மாதமே அவர்களின் உதைபந்தாட்ட அணியில் நடுவில் நின்றார்.

அந்த அணியின் பதிவுப் படிவங்களை ஊர் வாத்தியார் ஒருவர் ஒரே கையெழுத்தில் நிரப்பியிருந்தார். ஒன்பதாம் கேள்விக்கு எல்லோருக்கும் "இல்லை". கார்விக் மட்டும் தன் படிவத்தைத் தானே நிரப்பியிருந்தார். ஒன்பதாம் கேள்விக்கு எதிரே ஒரு சிறு கோடு. கோடு என்பது "இல்லை" அல்ல. 1961 வைகாசியில் அதை என் குறிப்புப் புத்தகத்தில் பதிந்தேன்.

அவர் ஆடும்போது பல தடவை நான் விசிலோடு ஓடியிருக்கிறேன். ஒருநாளும் என்னோடு வாதாடியதில்லை. நாணயம் சுண்டுவதற்கு முன் இரண்டு கோல் வாய்களுக்கும் நடந்து போய்க் குதிகாலால் மண்ணை அமத்திப் பார்ப்பார். இடைவேளையில் தோடம்பழத் துண்டை மற்றப் பத்துப் பேரும் எடுத்த பிறகுதான் எடுப்பார். இவையெல்லாம் நல்ல பழக்கம் என்று விடலாம். ஒன்றை மட்டும் விட முடியவில்லை. பந்து உயரத்தில் வரும்போது எதிராளியின் காற்சட்டை இடுப்பை இரண்டு விரலால் பிடிப்பார். பிடிப்பது பெரிதல்ல, எங்கள் பெடியன்களும் பிடிப்பார்கள். அவர் பிடிப்பது என் தலை திரும்பும் அந்தக் கணத்தில். மத்தியஸ்தரின் கண் எப்போது எங்கே போகும் என்று தெரிந்த ஆள். அது பள்ளிக்கூட மைதானத்தில் வராது. நூறு மத்தியஸ்தர்களோடு பழகியவனுக்குத்தான் வரும்.

எங்கள் லீக்கில் ஒருமுறை காசுக்கு ஆடியவர் மறுபடி ஆட முடியாது. அப்படி ஒருவர் ஆடியிருந்து, அணிக்கு அது தெரியாமல் இருந்தால், அவர் மட்டும் நீக்கப்படுவார். அணிக்காரரும் பொருள் வாங்கியிருந்தால் வாங்கிய அத்தனை பேருக்கும் இரண்டு வருடத் தடை.

கார்விக் தன்னைப் பற்றிச் சொன்னவற்றை நான் திகதியோடு சேர்த்து வைத்தேன். மோட்டர் கடைக்காரரிடம், வட இங்கிலாந்தில் ஆலைப் பட்டினம் ஒன்றின் கழகத்தில் மூன்று பருவம் ஆடியதாகச் சொன்னார். பருத்தித்துறையில் ஒரு பாதிரியாரிடம், கடற்படை அணிக்கு மட்டும் ஆடியதாகவும் 1948 முழுவதும் திருகோணமலையில் கப்பலில் இருந்ததாகவும் சொன்னார். சம்மாட்டி வேலுப்பிள்ளையிடம் மூன்றாவது கதை. இவர்தான் ஊரின் கரைவலைக்குச் சொந்தக்காரர், அணிக்கும் தலைவர் மாதிரி. அவரிடம், தென்னமெரிக்காவுக்குப் பெரிய சம்பளத்துக்கு ஆடப் போய், திரும்பி வந்தபோது சொந்த நாட்டுக் கழகங்கள் எல்லாம் கதவைச் சாத்திவிட்டன என்றாராம். மூன்றும் ஒரே மனிதரின் வாழ்க்கைக்குள் அடங்காது. நான் வருடங்களைப் போட்டுப் பார்த்தேன்.

பெட்டிசம் வந்ததும் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"இதை வாசியும்."

வாசித்தேன்.

"என்ன நினைக்கிறீர் எண்டு கேக்கேல்லை. கரைக்குப் போம். கண்டதைக் கொண்டு வாரும். பெட்டிசத்தைப் பற்றி ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாம்."

ஏன் என்னைத் தெரிந்தெடுத்தார் என்று யோசித்தேன். சிவப்பு ஓரக்கோட்டுக் கடதாசி என் கந்தோரிலும் உண்டு. பெட்டிசம் எழுதியது நான்தான் என்று அவர் சந்தேகித்து, என்னையே அனுப்பிச் சோதித்தாரோ என்ற எண்ணம் இன்றும் போகவில்லை.

ஜூலை 29, திங்கட்கிழமை தொடங்கி மூன்று நாள் காலையில் சைக்கிளில் போனேன். எதற்கு வந்தேன் என்று கேட்டார்கள். லீக்குக்குப் புதிய கோல் வலை இரண்டு பின்ன வேண்டும், ஆள் பார்க்க வந்தேன் என்றேன். அது பொய்.

கரைவலை இழுப்பை அதற்கு முன் நான் நின்று பார்த்ததில்லை. விடியுமுன் வள்ளம் வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்துப் போட்டுவிடும். இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பார்கள். கார்விக் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிழக்குக் கயிற்றில் நான்காவது ஆளாக நின்றார். பாட்டுக்கு வாய் அசைத்தார். வலை கரை சேர்ந்ததும் மீனை மணலில் பங்கு பங்காகக் குவித்தார்கள். பங்குக்காரர் ஒவ்வொருவரும் தன் அடையாளமாக ஒரு பொருளைக் கொடுக்க, அதைக் குவியலின் மேல் வைத்தார்கள். சிப்பி, கயிற்றுத் துண்டு, போத்தல் மூடி. கார்விக்கின் அடையாளம் ஒரு பழைய ஸ்பார்க் பிளக். அவர் தன் குவியலை ஓலைப் பறியில் அள்ளிக்கொண்டு போனார்.

இதில் பிழை எதுவும் இல்லை. கயிறு இழுத்தவர் கயிறு இழுத்ததற்கு வாங்கினார். முதலாம் பத்தியில் அப்படியே எழுதினேன். பெட்டிசம் பொய் என்று முடித்திருக்கலாம்.

மூன்றாம் நாள் சம்மாட்டி தன் வாடிக்குக் கூப்பிட்டார்.

"வாருங்கோ தம்பி, இருங்கோ. டேய், ஐயாவுக்கு ஒரு சோடா உடைச்சுக் கொண்டு வா."

சோடா எதற்கென்று எனக்குத் தெரியும். என் ஊரார் அவர்கள் வீட்டுக் கோப்பையில் வாய் வைப்பதில்லை. அடைத்த போத்தல் என்றால் இரண்டு பக்கத்துக்கும் சங்கடம் இல்லை.

"சோடா வேண்டாம் அண்ணை. தேத்தண்ணி காணும்."

கயிறு சுற்றிக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்தார். "சம்மாட்டி, கவனம். புத்தூர் ஐயா எங்கடை தேத்தண்ணி குடிக்கிறாராம். உவர் இங்கையிருந்து என்னவோ பெரிசாக் கொண்டுபோக வந்திருக்கிறார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரி.

தேநீர் வந்தது. கோல் வலைக்கு எத்தனை பாகம் நூல் வேண்டும், கண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கதைத்தோம். பிறகு, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டேன்: "பந்தடிக்கப் போற சனிக்கிழமையளிலை வெள்ளையண்ணை கயிறு பிடிக்கிறேல்லைத்தானே? அண்டைக்கு அவருக்கு மீன் இல்லை என்ன?"

சம்மாட்டி என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "ஏன் இல்லை? ஊர் வேலையாப் போனவன்ரை பங்கு கரையிலை நிக்கும், தம்பி. செத்த வீட்டுக்குப் போனாலும் நிக்கும். தேர் இழுக்கப் போனாலும் நிக்கும். பந்தடிக்கப் போறது மட்டும் என்ன, அவன்ரை சொந்தக் கலியாணத்துக்கே போறான்?"

"அப்ப மற்றப் பெடியளுக்கும்?"

"பன்னிரண்டு பேருக்கும். மாத்து ஆட்டக்காரன் ஒருத்தன், அவனையும் சேத்து." தொடையில் தட்டிச் சொன்னார். "வெள்ளைக்காரனுக்கு ஒரு கணக்கு, எங்கடை பெடியளுக்கு ஒரு கணக்கு இங்கை இல்லை. இந்தக் கரையிலை ஒருத்தன்ரை பங்கையும் நான் திண்டதில்லை. வேணுமெண்டால் எழுதிக்கொள்ளுங்கோ."

எழுதிக்கொண்டேன். அவர் முன்னாலேயே, பென்சிலால்.

அவர் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று அவருக்குத் தெரியாது. அவருக்கு அது நேர்மைக்கான சான்று. எங்கள் விதிப்படி அது பன்னிரண்டு பேர் ஆட்டத்துக்காகப் பொருள் பெற்றார்கள் என்ற வாக்குமூலம். மொட்டைப் பெட்டிசம் எழுதியவன் ஒரு ஆளைத்தான் விழுத்த நினைத்தான். அந்த ஊரில் பந்து தொட்ட எல்லோரையும் விழுத்தும் வசனம் இப்போது என் சட்டைப் பையில் இருந்தது.

ஓகஸ்ட் 2, வெள்ளிக்கிழமை தலைவரின் மேசை முன் நின்றேன். வாசித்தார். சிவப்புப் பென்சில் இரண்டாம் பத்தியில் நின்றது.

"ஆட்ட நாளிலை பங்கு வைக்கிறதைக் கண்டனீரோ?"

"இல்லை ஐயா. சம்மாட்டி சொன்னவர்."

"சொன்னது கேட்டது. நாளைக்கு அரையிறுதி ஆட்டம். போய்ப் பாரும்."

"ஐயா, கண்டால் பன்னிரண்டு பேரும்..."

"அது மூண்டாம் பத்தி, ஐசே."

சனிக்கிழமை அணி ஒன்பது மணிக்கு லொறியில் பட்டினத்துக்குப் போனது. நான் தாழை மறைவில் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றேன். பத்தரைக்கு வலை கரை சேர்ந்தது. சூடை மீன், நல்ல பாடு. குவியல்கள் வைத்தார்கள். ஆட்கள் எடுத்துக்கொண்டு போகப் போக, ஓரமாகப் பன்னிரண்டு குவியல்கள் மட்டும் ஆளில்லாமல் நின்றன. ஒன்றின் மேல் ஸ்பார்க் பிளக். கிட்டப் போய் எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன்.

"றெபறி, நீ என்ன எண்ணுறாய்?"

கார்விக். வள்ளம் ஒன்றின் மோட்டரைச் சரிபார்க்கப் பின்தங்கியிருந்தார், மோட்டர் சைக்கிளில் நேரே மைதானத்துக்குப் போவதாக ஏற்பாடு. கையெல்லாம் எண்ணெய். கயிற்றுக்காரர்களிடம் பழகிய தமிழ் என்பதால் மத்தியஸ்தர் அவருக்கு றெபறி, பாதிரியாரையும் "நீ" என்றுதான் கூப்பிடுவார்.

"வலை பாக்க வந்தனான்" என்றேன்.

"வலை அங்கை. நீ மீன் எண்ணுறாய்." குவியல்களைப் பார்த்தார், என் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தார். கரையில் வேறு எவருக்கும் புரியாதது அவருக்கு ஒரு பார்வையில் புரிந்தது. அதுவும் என் சந்தேகத்துக்கு ஒரு சான்று. "என்ரை ஒண்டுதானே பிழை?" என்றார்.

நான் வாய் திறந்திருக்கக் கூடாது. விசாரணை நடக்கும்போது சம்பந்தப்பட்டவரோடு விடயத்தைக் கதைக்கக் கூடாது என்று படிப்பிப்பவன் நான்.

"பன்னிரண்டும்" என்றேன்.

அவர் குனிந்து ஸ்பார்க் பிளக்கை எடுத்தார், காற்சட்டையில் துடைத்தார், எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். பிறகு ஆங்கிலத்தில், இவர்களுக்கு இது தெரியாது என்றார். தெரியாமை விதிக்கு விலக்கல்ல என்றேன் நான். அதை எனக்கு நீ சொல்லத் தேவையில்லை என்றார். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். மோட்டர் சைக்கிளை உதைத்தார். சத்தத்தில் ஏதும் சொன்னாரோ தெரியாது.

அன்று பின்னேரம் கரையோர அணி அரையிறுதியில் வென்றது. கார்விக் நன்றாக ஆடினார். நான் பார்வையாளர் பக்கத்தில் நின்று அவர் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு முழுவதும் அறிக்கை எழுதினேன். கண்டது: ஆளில்லாத குவியல் பன்னிரண்டு. பன்னிரண்டு பேரின் பெயரையும் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கோடு தாண்டியதைக் கண்டபின் காணவில்லை என்று எழுத எனக்கு வரவில்லை. திங்கட்கிழமை கடித உறையில் போட்டு ஒட்டித் தலைவரிடம் கொடுத்தேன். திறக்காமல் இலாச்சிக்குள் வைத்தார். "வெள்ளிக்கிழமை சபை கூடேக்கை பாப்பம்."

ஓகஸ்ட் 9, வெள்ளிக்கிழமை. இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள். சபையில் நால்வர். தலைவர் என் உறையை மேசையில் வைத்தார், அதன் மேல் வேறொரு தாளை வைத்தார். கார்விக் கையெழுத்திட்ட கூற்று, 6 ஆம் திகதியிட்டது. அதன் சாரம்: 1947 முதல் 1950 வரை வட இங்கிலாந்துக் கழகம் ஒன்றில் வாரச் சம்பளத்துக்கு ஆடினேன். ஒன்பதாம் கேள்விக்கு நான் கோடு இழுத்தது தவறு. பதில் "ஆம்". என் அணியினர் இதை அறியார்.

"ஆள் தொழில்முறை ஆட்டக்காரன். தானே ஒப்புக்கொண்டிட்டான். நீக்கம்" என்றார் தலைவர்.

ஒருவர் மீன் விடயம் என்னவென்று கேட்டார்.

"பெட்டிசம் கேட்டது ஒரு ஆளைப் பற்றி. அந்த ஆள் இனி இல்லை. ஆள் இல்லையெண்டால் கேள்வியும் இல்லை." என் உறையை என்னிடம் நீட்டினார். "இது தேவைப்படேல்லை. கொண்டுபோம்."

வாங்கினேன். ஒட்டிய இடத்தில் கடதாசி சற்று நெளிந்திருந்தது. ஈரக்காற்றாலும் அப்படி ஆகும்.

மற்றவர்கள் போனபின் நின்றேன். அந்தக் கூற்றின் ஆங்கிலம் எனக்கு உறுத்தியது. மெக்கானிக் ஒருவரின் ஆங்கிலம் அல்ல. காணி உறுதி எழுதுவது போல் எல்லை போட்டு, வேலி அடைத்து, ஒரு சொல்லும் வெளியே கசியாத ஆங்கிலம். அப்படி எழுதுகிறவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். 6 ஆம் திகதி செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவருடைய சின்னக் காரைத் தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் கண்டதாக ஒருவர் சொல்லியும் இருந்தார்.

"ஐயா, இதை அவராய்த்தான் எழுதினவரோ?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எழுதேக்கை கண்டனீரோ?"

"இல்லை."

"அப்ப எந்தப் பத்தியிலை போடப்போறீர்?"

அவர் எனக்கு முதலும் கடைசியுமாகக் கதிரையைக் காட்டியது அன்றுதான். நான் இருக்கவில்லை.

மறுநாள் இறுதி ஆட்டத்துக்கு விசில் என்னிடம். நீக்கப்பட்டவர் மைதானத்துக்குள் கால் வைக்க முடியாது. கார்விக் வேலிக்கு வெளியே லொறிப் பெட்டியில் ஏறி நின்றார். அவர் இடத்தில் மாற்று ஆட்டக்காரன் ஆடினான். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில், ஒன்றுக்கு ஒன்று என்ற நிலையில், உயரப் பந்து வந்தது. நான் தலை திருப்பினேன். உடனே மறுபடி திருப்பினேன். அவனுடைய இரண்டு விரல் எதிராளியின் இடுப்பில் இருந்தது. கார்விக் அவனுக்கு அதையும் படிப்பித்திருந்தார். இடம் கோல் வாய்க்குள். பெனால்ரி கொடுத்தேன். தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்து நான் தராசைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தபோது சம்மாட்டி வந்தார். பின்னால் நாலைந்து பேர்.

"தம்பி, வெள்ளையண்ணையை நிப்பாட்டினது ஆர் எண்டு எங்களுக்குத் தெரியும்."

நான் தராசின் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

"அவர் காசுக்கு ஆடின ஆளாம். அவர் சொன்ன கதையளை இந்தக் கரையிலை ஆர் நம்பினது? போன மாதம் சுறாவோடை மல்லுக்கட்டினதெண்டும் சொன்னவர். நீங்கள் படிச்ச ஆக்கள், நம்பிப் போட்டியள்." துணியில் கட்டிய பெரிய பொதி ஒன்றை என் காலடியில் போட்டார். "கோல் வலை கேட்டனீங்கள். இரண்டு. பின்னியாச்சு. இனி எங்கடை பக்கம் வரத் தேவையில்லை."

பன்னிரண்டு குவியலைப் பற்றி அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர்கள் அடுத்த சனிக்கிழமையே அந்த வழக்கத்தை மறைத்துச் செய்யத் தொடங்கியிருப்பார்கள், அல்லது விட்டிருப்பார்கள். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. பொதியை எடுத்துக்கொண்டு வந்தேன். வலைகள் ஒன்பது வருடம் உழைத்தன, ஒரு கண்கூட விடவில்லை. அவர்களில் ஒருவருக்கும் தடை வரவில்லை. 1966 இல் கிண்ணத்தை வென்றார்கள்.

கார்விக்கிடம் நேரே கேட்டுவிடுவது என்று 1964 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போனேன். அதற்கு முன் ஆறு மாதம் ஏன் போகவில்லை என்றால், அவர் "அது பொய்" என்று சொன்னால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பொய் என்றால் அறிந்த விடயத்தைச் சபைக்கு அறிவிக்க வேண்டும், அறிவித்தால் மீன் விசாரணை மறுபடி திறக்கும். வாடி காலியாக இருந்தது. கிழக்காபிரிக்காவில் ஏதோ துறைமுகத்துக்குக் கம்பனி மாற்றிவிட்டது என்றார்கள். வேறொருவர் அவுஸ்திரேலியா என்றார்.

அவரைத் தியாகி என்று எழுத என் கை வரவில்லை. முழங்கால் ஏற்கெனவே போய்விட்ட ஆள், இன்னொரு பருவம் ஆடியிருக்க முடியாது. மரியாதையாக வெளியேற ஒரு வழி கிடைத்தது என்றும் எடுக்கலாம். ஒருபோதும் சம்பளத்துக்கு ஆடாத ஒருவர், ஆடியவன் என்று பதிவேட்டில் ஏற ஆசைப்பட்டார் என்றும் எடுக்கலாம். அல்லது பன்னிரண்டு குவியல் மீனுக்காக ஒரு மனிதர் தன் பெயரைக் கொடுத்தார். நான் வைத்திருக்கும் தாள்கள் இந்த மூன்றுக்கும் இடம் கொடுக்கின்றன. தலைவர் 1970 இல் காலமானார். செத்த வீட்டில் அவர் மகனிடம் அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றிக் கேட்க வாய் எடுத்து, விட்டுவிட்டேன்.

அந்த வட இங்கிலாந்துக் கழகம் எதுவாக இருக்கலாம் என்று கணித்து 1979 இல் முதல் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அடுத்த ஆண்டு இரண்டாவது. 1981 மார்ச் 17 ஆம் திகதி பதில் வந்தது. காரியதரிசி மரியாதையாக எழுதியிருந்தார்: அக்காலச் சம்பளப் பதிவேடுகள் கட்டடம் மாறியபோது தொலைந்துவிட்டன. கார்விக் என்று ஒருவர் இருந்ததாகப் பழைய பணியாளர் ஒருவருக்கு ஞாபகம். முதலெழுத்து லெஸ்லிக்குரிய 'எல்' தானா, தோமஸுக்குரிய 'ரி' தானா என்று அவருக்கு நிச்சயமில்லை. 1949 ஆம் ஆண்டு ஆட்டக்காரர் கைநூலில் பெயர்கள் முழுமையாக இருக்கும்.

அந்தக் கைநூல் எங்கள் பட்டினத்து நூலகத்தில் இருந்தது. பச்சை அட்டை. 1974 இல் வேறெதையோ தேடும்போது அதன் முதுகைக் கண்டு, தட்டின் எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். ஆறு மைல் தூரம். அப்போது ஓய்வூதியத் தாள்களோடு அலைந்துகொண்டிருந்தேன். புத்தகம் எங்கே ஓடிவிடப் போகிறது என்று, மே முடியப் போகலாம் என்று வைத்தேன். நூலகம் எரிக்கப்பட்ட 1981 ஜூன் முதலாம் திகதிக்குப் பிறகு அதைப் போய்ப் பார்க்க இடமில்லை.

கொழும்பிலும் கண்டியிலும் நண்பர்களைக் கொண்டு தேடினேன், வேறு பிரதி அகப்படவில்லை. காரியதரிசிக்கு மறுபடி எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. லெஸ்லி கார்விக் இங்கிலாந்தில் ஒரு வாரமாவது சம்பளத்துக்குப் பந்து அடித்தாரா என்பது, இதை எழுதி முடிக்கும் 1982 ஒக்டோபர் 3 ஆம் திகதிவரை, உறுதிப்படவில்லை.